ரமேஷ் கிருஷ்ணன் ஏன் 23-ஐத் தாண்டவில்லை?

கேள்வி இதுதான். 1979-இல் ஜூனியர் பிரெஞ்சு ஓப்பன், ஜூனியர் விம்பிள்டன் இரண்டையும் அடுத்தடுத்து வென்ற இந்திய டென்னிஸ் வீரர் ரமேஷ் கிருஷ்ணன், பெரியவர்கள் ஆட்டத்தில் உலகத் தரவரிசையின் 23-ஆம் இடத்துக்கு மேலே ஏன் ஏறவில்லை? ‘அருமையான கை, ஆனால் சர்வீஸ் கிடையாது’ என்று எல்லாரும் சொல்வது சரிதானா? அப்பா ராமநாதன் கிருஷ்ணன் அளவுக்கு மகன் வரவில்லை என்பது உண்மையா?

அவசரத்தில் இருப்பவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சர்வீஸ் (ஒவ்வொரு புள்ளியையும் தொடங்கிவைக்கும் அடி) காரணம்தான், ஆனால் அது பாதிக் காரணம். மீதிப் பாதி, அவர் ஆடிய வருடங்கள். எதிரே நிற்பவர் யார் என்பதைப் பொறுத்து ரமேஷ் ஒரு நாள் உலகின் முதல் ஐந்து பேரில் ஒருவராகத் தெரிவார், மறுவாரம் ஐம்பதாவது ஆளாகத் தெரிவார். 1980-களில் அவருக்கு ஒத்துவராத வகை ஆட்டக்காரர்கள் வருடா வருடம் பெருகிக்கொண்டே போனார்கள். அப்பாவோடு ஒப்பிடுவதில் எனக்கு உடன்பாடு இல்லை. ஏன் என்று பின்னால் வருகிறேன்.

ரமேஷ் பிறந்தது 1961 ஜூன் 5, சென்னையில். மகன் பிறந்த அடுத்த மாதம் அப்பா விம்பிள்டன் அரையிறுதியில் ராட் லேவரோடு ஆடிக்கொண்டிருந்தார். தாத்தா டி.கே. ராமநாதன்தான் அப்பாவுக்கு ஆட்டம் சொல்லிக் கொடுத்தவர். ஆக, மூன்றாம் தலைமுறைக்கு மட்டை கைக்கு வந்தபோது அதோடு ஓர் ஆட்ட முறையும் சேர்ந்தே வந்தது. பலத்தால் அடிக்காதே, இடம் பார்த்து அடி. பந்து எழும்பும்போதே எடுத்துவிடு. எந்தப் பக்கம் போகிறது என்று கடைசி வரை காட்டிக்கொள்ளாதே. ராமநாதன் கிருஷ்ணன் 1954-இல் ஜூனியர் விம்பிள்டனை வென்றது இந்த ஆட்டத்தால்தான். சரியாக 25 வருடம் கழித்து, 1979-இல் அதே பட்டத்தை மகன் வென்றதும் கிட்டத்தட்ட அதே ஆட்டத்தால்தான். இறுதியில் அமெரிக்காவின் டேவிட் சீக்லரை 6-0, 6-2 என்று முடித்தார். அதற்கு முன் பாரிஸ் களிமண்ணில் பென் டெஸ்டர்மேனிடம் முதல் செட்டை 2-6 என்று விட்டுவிட்டு, அடுத்த இரண்டையும் 6-1, 6-0 என்று எடுத்திருந்தார். எதிராளியைப் படித்து முடிக்க ஒரு செட், அப்புறம் அவரை ஆடவே விடாமல் செய்ய இரண்டு செட். ஜூனியர் ஆட்டத்தில் இது போதும்.

இதே இரண்டு ஜூனியர் பட்டங்களையும் அதற்கு முந்தைய வருடம், 1978-இல், வென்றவர் இவான் லெண்டில். இருவருக்கும் வயது வித்தியாசம் ஒன்றேகால் வருடம். பிற்பாடு லெண்டில் கிராண்ட் ஸ்லாம் எனப்படும் நான்கு பெரிய போட்டிகளில் எட்டு ஒற்றையர் பட்டங்களை வென்றார், 270 வாரங்கள் உலகின் முதலிடத்தில் இருந்தார். ரமேஷ் ‘வீணாகிப் போன திறமை’ என்று பேசுபவர்கள் மனத்தில் இந்த ஒப்பீடுதான் ஓடிக்கொண்டிருக்கும். ஆனால் லெண்டில் என்ன செய்தார் என்று பாருங்கள். பின்கோட்டில் நின்று, பந்தை முன்னோக்கிச் சுழலவைக்கும் கனமான டாப்ஸ்பின் ஃபோர்ஹேண்டால் எதிராளியை அடித்து நொறுக்கும் ஓர் ஆட்டத்தைக் கட்டினார். உணவு, உடற்பயிற்சி எல்லாவற்றையும் அந்த ஒரே நோக்கத்துக்குத் திருப்பினார். வரப்போகும் காலத்தின் ஆட்டம் அது. ரமேஷ் கையில் இருந்தது முந்தைய காலத்தின் ஆட்டம். திறமையில் யார் கூட, யார் குறைவு என்பது இங்கே பெரிய விஷயமே இல்லை.

ரமேஷ் அந்தப் பழைய ஆட்டத்தை மாற்றாமல் சும்மா இருந்தார் என்றும் சொல்ல முடியாது. ஃபுளோரிடாவில் ஹாரி ஹாப்மனிடம் போய்ப் பயிற்சி எடுத்தார். ஆஸ்திரேலியாவுக்கு 16 டேவிஸ் கோப்பைகளை (நாடுகள் மோதும் அணிப் போட்டி, ஒரு மோதலுக்கு ஐந்து ஆட்டம்) வாங்கிக் கொடுத்த கேப்டன் ஹாப்மன். பயிற்சியில் அவர் ஈவு இரக்கம் பார்க்காதவர். வலைக்கு அந்தப் பக்கம் இரண்டு பேர், இந்தப் பக்கம் நீங்கள் ஒருவர், மூச்சு வாங்கும் வரை அல்ல, மூச்சு வாங்கிய பிறகும் ஓடவேண்டும். ஐந்தடி ஏழங்குல உயரம், கொஞ்சம் கனத்த உடம்பு, பதற்றமே இல்லாத நடை. இப்படி ஒருவரை ஹாப்மன் ஓடவைத்தார். கால்கள் மாறின. கை மாறவில்லை, மாற்றவும் யாரும் முயலவில்லை என்பதே என் கணிப்பு. அது நல்லதுக்குத்தான்.

அந்தக் கையைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். இப்போதைய ஆட்டக்காரர்கள் ஃபோர்ஹேண்ட் அடிக்கும்போது மட்டை பின்னால் போய், கீழே இறங்கி, மேலே சுழன்று தோளைச் சுற்றி முடியும். ரமேஷுக்கு அந்தச் சுழற்சியே கிடையாது. மட்டை பின்னால் போகும் தூரம் ஒரு சாண் இருந்தால் அதிகம். பந்து தரையில் பட்டு மேலே வரும்போதே, அது உச்சிக்குப் போகுமுன், மட்டையை நேராகக் கொண்டுபோய் வைப்பார். எதிராளி அடித்த வேகமே பந்தைத் திருப்பி அனுப்பும். கேரம் பலகையில் ஸ்டிரைக்கரைச் சுண்டுகிறவர் தோளையா ஆட்டுகிறார்? விரலும் கோணமும்தானே. ரமேஷ் ஆடியதும் அந்த மாதிரிதான். பின்னிழுப்பு இல்லாததால் எங்கே அடிக்கப்போகிறார் என்பதற்கு அறிகுறியே இருக்காது. எதிராளி இடப்பக்கம் ஓர் அடி வைத்த பிறகுதான் பந்து வலப்பக்கம் போவது தெரியும். பின்கோட்டிலேயே நின்று ஹாஃப் வாலி (பந்து தரையில் பட்ட உடனே எடுக்கும் அடி) அடிப்பது, ஓட்டத்தின் நடுவில் டிராப் ஷாட் (வலையை ஒட்டி மெதுவாக விழும் அடி) போடுவது எல்லாம் அவருக்குச் சாகசம் இல்லை, தினப்படி வேலை.

சரி, சர்வீஸுக்கு வருவோம்.

டென்னிஸில் எதிராளியின் தலையீடே இல்லாமல் நீங்கள் அடிக்கும் ஒரே அடி சர்வீஸ். பெரிய சர்வீஸ் உள்ளவருக்கு ஒவ்வொரு கேமிலும் ஒன்றோ இரண்டோ புள்ளிகள் ஓடாமலே வந்துவிடும். பந்து திரும்பி வராது, வந்தாலும் அரைகுறையாக வரும், வலைக்குப் போய்த் தட்டிவிட்டால் முடிந்தது. ரமேஷுக்கு அந்தச் சலுகை கிடையாது. அவருடைய சர்வீஸ் ஆட்டத்தைத் தொடங்கி வைக்கும், அவ்வளவுதான். இரண்டாவது சர்வீஸ் அதைவிட மெது. ஆகவே அவருடைய ஒவ்வொரு சர்வீஸ் கேமும் பூஜ்யத்திலிருந்து போராடி எடுக்கவேண்டிய கேம். எதிராளியின் சர்வீஸையும் மற்றவர்களைவிட அதிகம் முறியடித்தால்தான் கணக்கு நேராகும். ஒரு செட்டில் இது முடியும். மூன்று செட் ஆட்டத்திலும் முடியும். கிராண்ட் ஸ்லாமில் ஐந்து செட் ஆட்டங்கள், இரண்டு வாரத்தில் ஏழு சுற்றுகள். உழைப்பு ஒவ்வொரு சுற்றிலும் கூடிக்கொண்டே போகும்போது, காலிறுதிக்கு வரும் நேரத்தில் எதிரே நிற்பவர் பெரும்பாலும் சர்வீஸைத் தூக்கி அடிக்கிறவராக இருப்பார்.

அவர் ஆடிய மூன்று கிராண்ட் ஸ்லாம் காலிறுதிகளையும் எடுத்துக்கொள்ளுங்கள். 1981 அமெரிக்க ஓப்பனில் ஜான் மெக்கன்ரோ. 1986 விம்பிள்டனில் யூகோஸ்லாவியாவின் ஸ்லோபோதான் ஷிவோயினோவிச். 1987 அமெரிக்க ஓப்பனில் ஸ்டெஃபான் எட்பர்க். மூவருமே சர்வீஸ் போட்டுவிட்டு வலைக்கு ஓடி வருகிறவர்கள். ஷிவோயினோவிச்சின் சர்வீஸ் அந்தக் காலத்தின் பீரங்கிகளில் ஒன்று. அவரிடம் ரமேஷ் நான்கு செட்டில் தோற்றார். எட்பர்க் இன்னொரு மாதிரி. மெதுவான இரண்டாம் சர்வீஸ் வந்தால் அதை வெட்டிப் போட்டுவிட்டு அந்தப் பந்தோடே வலைக்கு வந்துவிடுவார். ரமேஷின் இரண்டாம் சர்வீஸ் அவருக்கு விருந்து. 6-2, 6-2, 6-2. அந்த ஆட்டத்தைப் பற்றிச் சொல்ல இதற்கு மேல் ஒன்றும் இல்லை.

மெக்கன்ரோ ஆட்டம் அப்படியில்லை. ரமேஷுக்கு அப்போது 20 வயது. மெக்கன்ரோ சில வாரங்களுக்கு முன்தான் விம்பிள்டனில் ஸ்வீடனின் பியோன் போர்க்கை வீழ்த்தியிருந்தார். சொந்த ஊர் நியூயார்க், சொந்தக் கூட்டம். முதல் செட் 6-6 என்று சமமாகி, முடிவு செய்யும் கூடுதல் கேமான டை-பிரேக்குக்குப் போனது, ரமேஷ் எடுத்தார். இரண்டாவதும் டை-பிரேக், மெக்கன்ரோ எடுத்தார். அந்த இரண்டாவது டை-பிரேக் மட்டும் இந்தப் பக்கம் சாய்ந்திருந்தால் என்று இன்றைக்கும் பேசுகிற பெரியவர்களைப் பார்த்திருக்கிறேன். அப்புறம் 6-4, 6-2 என்று மெக்கன்ரோ முடித்தார், அரையிறுதியையும் தாண்டி, இறுதியில் மறுபடி போர்க்கை வென்றார். போர்க் அதற்குப் பிறகு கிராண்ட் ஸ்லாமே ஆடவில்லை. அப்படிப்பட்ட ஒரு மெக்கன்ரோவை இரண்டு செட் முழுக்கத் திணறடித்ததை நினைத்துப் பாருங்கள். மெக்கன்ரோவும் கைவித்தைக்காரர் என்பதால், டென்னிஸில் அரிதான ஒரு விஷயம் அங்கே நடந்தது: இரண்டு பேரும் பலத்தால் அல்லாமல் கோணத்தால் சண்டை போட்டார்கள். ஆனால் மெக்கன்ரோவிடம் கையும் இருந்தது, இடது கை சர்வீஸும் இருந்தது.

இப்போது மறுபக்கத்தைப் பாருங்கள். சர்வீஸால் அல்லாமல் பின்கோட்டுப் பொறுமையால் வெல்கிற உலகத்தரமான ஒருவர் எதிரே நின்றால் என்ன ஆகும்? அதற்கு 1989 ஜனவரி, மெல்பர்ன்.

மாட்ஸ் விலாண்டர் 1988-இல் ஆஸ்திரேலிய, பிரெஞ்சு, அமெரிக்க ஓப்பன்கள் மூன்றையும் வென்றிருந்தார். உலக முதலிடம், நடப்பு சாம்பியன். இரண்டாவது சுற்றில் ரமேஷ். முடிவு 6-3, 6-2, 7-6, ரமேஷுக்கு. உலகின் முதல் இடத்தில் இருக்கும் ஒருவரை ஓர் இந்தியர் கிராண்ட் ஸ்லாமில் நேர் செட்களில் வீட்டுக்கு அனுப்பினார். ‘விலாண்டர் அப்போதே சோர்ந்து போயிருந்தார்’ என்பார்கள். இருக்கலாம். அந்த வருடத்துக்குப் பிறகு அவர் பழைய விலாண்டராக வரவே இல்லை. ஆனால் மூன்றாவது செட் டை-பிரேக் வரை போனதே, சோர்ந்து போனவர் அவ்வளவு தூரம் இழுக்கமாட்டார். விலாண்டரின் பலம், எதிராளி தவறு செய்யும் வரை பந்தைத் திருப்பிக்கொண்டே இருப்பது. ரமேஷிடம் அது பலிக்கவில்லை. பந்தை எழும்பும்போதே எடுத்ததால் விலாண்டருக்கு ஒவ்வொரு அடிக்கும் இடையே கிடைக்கும் அரை விநாடி போய்விட்டது. ரமேஷின் மெதுவான பந்தில் கடன் வாங்க வேகமும் இல்லை, வேண்டுமானால் விலாண்டரே உண்டாக்கிக்கொள்ளவேண்டும். அதுவோ அவருடைய ஆட்டமே இல்லை. மெதுவான சர்வீஸும் இங்கே பெரிய தண்டனையாக இல்லை, ஏனென்றால் அதை வெட்டிவிட்டு வலைக்கு ஓடி வருவது விலாண்டரின் இயல்பான வழி அல்ல.

இதில் இன்னொரு சுவாரசியம் உண்டு. அதற்கு 13 மாதம் முன்னால் இதே விலாண்டர் இதே ரமேஷை ஸ்வீடனில் சுலபமாக வென்றிருந்தார். 1987 டிசம்பர், கோத்தன்பர்க் நகரின் ஸ்காண்டினேவியம் அரங்கம், டேவிஸ் கோப்பை இறுதி. உள்ளரங்கில் களிமண் தரை போட்டுவைத்துக்கொண்டு ஸ்வீடன் காத்திருந்தது. களிமண்ணில் பந்து தரையில் பிடித்து நின்று எழும்பும். ரமேஷின் தட்டையான அடிகள் அதில் செத்துப்போகும், விலாண்டருக்கு அரை விநாடியோ ஒரு விநாடியாகக் கிடைக்கும். ஆட்டக்காரர்கள் அதே இருவர்தான், தரை மாறியதும் முடிவும் மாறிவிட்டது. இந்தியா 0-5.

அந்த இறுதிக்கு இந்தியா வந்த வழியைச் சொல்லாமல் ரமேஷின் கதை முழுமை ஆகாது. 1966-இல் ஆஸ்திரேலியாவிடம் தோற்ற இறுதி ஒன்று. 1974-இல் தென்னாப்பிரிக்காவின் நிறவெறிக் கொள்கையை எதிர்த்து இறுதியை ஆடாமலே விட்டுக்கொடுத்தது இன்னொன்று. மூன்றாவதும் கடைசியும் 1987. முதல் சுற்றில் டெல்லிப் புல்தரையில் அர்ஜென்டினா வந்தது. அதில் 33 வயது விஜய் அமிர்தராஜ், மார்ட்டின் ஜெய்ட்டிடம் தோல்வியின் விளிம்பு வரை போய் மீண்டார், இந்தியா 3-2 என்று தப்பித்தது. அடுத்து இஸ்ரேலும் டெல்லியில் வீழ்ந்தது. அரையிறுதி சிட்னியில், வைட் சிட்டி புல்தரையில், ஆஸ்திரேலியாவோடு.

அக்டோபர் தொடக்கம். 2-2 என்று நிற்கிறது, ஐந்தாவது ஆட்டம், ரமேஷும் வாலி மசூரும். மசூர் அந்த வருட ஜனவரியில்தான் ஆஸ்திரேலிய ஓப்பனில் போரிஸ் பெக்கரை வென்று அரையிறுதி வரை போனவர். அதுவும் புல்தரையில். சொந்த நாடு, சொந்தப் புல், சர்வீஸ்-வாலி ஆட்டம். நான் மேலே சொன்ன கணக்குப்படி ரமேஷ் தோற்கவேண்டிய ஆட்டம் இது. முடிவு 8-6, 6-4, 6-4, ரமேஷுக்கு. (டேவிஸ் கோப்பையில் அப்போது டை-பிரேக் கிடையாது, அதனால்தான் அந்த 8-6.) என் கணக்கு எங்கே பொய்த்தது? இரண்டு இடத்தில். முதலாவது, மசூரின் சர்வீஸ் நல்ல சர்வீஸ், ஆனால் பீரங்கி இல்லை. ரமேஷால் அதைத் தொட முடிந்தது. தொட முடிந்துவிட்டால் அப்புறம் வலைக்கு ஓடிவருகிறவரின் கால்மாட்டில் பந்தை இறக்குவது அவருக்குப் பழகிய வேலை. இரண்டாவது, புல்லில் பந்து தாழ்ந்து வழுக்கும். தட்டையாக, தாழ்வாக அடிக்கிற கைக்கு அது தோதான தரை. வேகம் இல்லாத சர்வீஸ்கூட அங்கே தாழ்ந்து நின்று எதிராளியைக் குனியவைக்கும். அது தவிர, நாட்டுக்காக ஆடும்போது அவரிடம் வேறு ஒரு நிதானம் வந்தது என்று நினைக்கிறேன். இதை நிரூபிக்க என்னிடம் வழி இல்லை. ஆனால் ஐந்தாவது ஆட்டம் என்கிற சுமையை அப்படி மூன்றே செட்டில் இறக்கி வைப்பது சாதாரண நரம்பு உள்ளவர்களால் ஆகாது.

பட்டங்கள் எட்டு. 1981 மணிலா, 1982 ஸ்டுட்கார்ட், 1984 மெட்ஸ், 1986-இல் டோக்கியோவும் ஹாங்காங்கும், 1988 வெலிங்டன், 1989 ஆக்லாந்து, 1990-இல் அமெரிக்காவின் ஷெனெக்டடி. கவனித்தீர்களா, இதில் ஒன்றுகூடப் புல்தரைப் பட்டம் இல்லை. கிருஷ்ணன் குடும்பம் என்றாலே புல்தரை என்று நினைப்பவர்களுக்கு இது ஆச்சரியமாக இருக்கும். ஸ்டுட்கார்ட் களிமண்ணில் சாண்டி மேயரை வென்று எடுத்த பட்டத்தை நான் கொஞ்சம் உயர்த்தியே சொல்வேன், ஏனென்றால் களிமண் அவருக்கு இயல்பான தரை இல்லை. ஹாங்காங் இறுதியில் வீழ்த்திய ஆந்த்ரே கோமஸ், நான்கு வருடம் கழித்து பிரெஞ்சு ஓப்பன் சாம்பியன். பட்டங்களில் பெரும்பாலானவை ஹார்டு கோர்ட்டில் வந்தவை. பந்து ஒரே மாதிரி எழும்பும் தரையில், எழும்பும்போதே எடுக்கிற கை தவறவே தவறாது.

23-ஆம் இடம் வந்தது 1985 ஜனவரியில். ‘வெறும் 23’ என்று சொல்கிறவர்கள் ஒன்றை யோசிக்கவேண்டும். கணினித் தரவரிசை வந்த பிறகு ஒற்றையரில் முதல் 50-க்குள் நுழைந்த இந்திய ஆண்கள் இரண்டே பேர், விஜய் அமிர்தராஜும் ரமேஷும். லியாண்டர் பயஸ் ஒற்றையரில் 73 வரைதான் வந்தார், சோம்தேவ் தேவ்வர்மன் 62 வரை, சுமித் நாகல் 68 வரை. 1987-இல் எட்பர்க்கிடம் தோற்றாரே, அந்த மொட்டையான ஆட்டம், அதுதான் ஓர் இந்திய ஆண் கடைசியாக ஆடிய கிராண்ட் ஸ்லாம் ஒற்றையர் காலிறுதி.

காலம் அவருக்கு எதிராகப் போனது என்றேனே, அதைச் சொல்லிவிடுகிறேன். ரமேஷ் ஜூனியராக இருந்தபோது முன்னணி ஆட்டக்காரர்கள் பலர் கையில் மர மட்டை. தலை சின்னது, நடுவில் பட்டால்தான் பந்து போகும். வேகமாக வீச முயன்றால் தவறிவிடும். ஆகவே கைநயம் உள்ளவனுக்கு மதிப்பு. 1980-களின் நடுவில் மரம் கிட்டத்தட்ட காணாமல் போய்விட்டது. கிராஃபைட் வந்தது, மட்டையின் தலை பெரிதானது. முழு வீச்சில் அடித்தாலும் பந்து கோட்டுக்குள் விழுந்தது. மெதுவான இரண்டாம் சர்வீஸை முன்பெல்லாம் பத்திரமாகத் திருப்பி அனுப்பியவர்கள் இப்போது அதை நேராக அடிக்க ஆரம்பித்தார்கள். 1985-இல் 17 வயதுப் பெக்கர் விம்பிள்டனை வென்றபோதே ஆட்டம் எந்தத் திசையில் போகிறது என்று தெரிந்துவிட்டது. மட்டை மாறினால் ரமேஷுக்கும்தானே பலன் என்று கேட்பீர்கள். அவருடைய ஆட்டத்தில் கடன் வாங்கிய வேகம்தான் மூலதனம். வீசி அடிக்கிறவனுக்குக் கிராஃபைட் கொடுத்த அளவுக்கு, மட்டையை வைத்துத் திருப்புகிறவனுக்குக் கொடுக்கவில்லை.

அப்பாவோடு ஒப்பிடுவதில் எனக்குச் சிக்கல் இங்கேதான். ராமநாதன் கிருஷ்ணன் 1960, 1961 இரண்டு வருடமும் விம்பிள்டன் அரையிறுதி ஆடினார், 1961 காலிறுதியில் ராய் எமர்சனை வென்றார். அரையிறுதியில் அவரை வென்ற நீல் ஃபிரேசரும் லேவரும் அந்தந்த வருடம் சாம்பியன்கள். பெரிய சாதனை, அதில் சந்தேகமே இல்லை. ஆனால் 1968-க்கு முன் விம்பிள்டன் அமெச்சூர்களுக்கு மட்டும்தான். கோன்சாலஸ், ரோஸ்வால், ஹோட் மாதிரி பணம் வாங்கி ஆடிய தொழில்முறைக்காரர்களுக்கு அங்கே இடமில்லை. (ராமநாதன் கிருஷ்ணனையும் ஜாக் கிரேமர் தன் தொழில்முறைக் குழுவுக்குக் கூப்பிட்டார், அவர் போகவில்லை.) மகன் ஆடியபோது உலகில் ஆடத் தெரிந்த எல்லாரும் ஒரே அட்டவணையில் இருந்தார்கள். அப்பாவின் அரையிறுதி பெரிதா, மகனின் காலிறுதி பெரிதா என்று கேட்டால் என்னால் தராசு பிடிக்க முடியாது. அப்பா தன் காலத்துக்குப் பொருத்தமான ஆட்டம் ஆடினார், மகன் அதே ஆட்டத்தைப் பொருந்தாத காலத்தில் ஆடி எட்டுப் பட்டம் எடுத்தார். எனக்கு இரண்டாவதில்தான் கொஞ்சம் மயக்கம்.

கடைசி வருடங்களில் மறந்துபோகக் கூடாத ஒன்று பார்சிலோனா. 1992 ஒலிம்பிக்ஸ், இரட்டையர் ஆட்டம். 31 வயது ரமேஷும் 19 வயது லியாண்டரும். களிமண் தரையில் காலிறுதி வரை வந்துவிட்டார்கள். அங்கே குரோஷியாவின் கோரான் இவானிசெவிச், கோரான் பிர்பிச் ஜோடியிடம் தோற்றார்கள். அந்த ஒலிம்பிக்ஸில் டென்னிஸுக்கு வெண்கல ஆட்டம் தனியாகக் கிடையாது, அரையிறுதியில் தோற்ற இரண்டு பக்கத்துக்கும் வெண்கலம். அதாவது அந்தக் காலிறுதியை வென்றிருந்தாலே பதக்கம் உறுதி. அந்த ஒலிம்பிக்ஸில் இந்தியா ஒரு பதக்கம்கூட இல்லாமல் திரும்பியது என்பதை நினைத்தால் இன்னும் வலிக்கும். நான்கு வருடம் கழித்து அட்லான்டாவில் லியாண்டர் ஒற்றையரில் வெண்கலம் வாங்கினார்.

1993-இல் பிரான்சின் ஃபிரேஜுஸ் நகரில், அவர்கள் களிமண்ணிலேயே, பிரான்சை டேவிஸ் கோப்பையில் வென்ற அணியில் ரமேஷும் இருந்தார். அந்த வாரம் லியாண்டருடையது, லெகோந்த்தையும் போஷையும் வென்றவர் அவர். அந்த வருடமே ரமேஷ் ஓய்வு பெற்றார். 1997-இல் ஏ.டி.பி. (ஆண்கள் தொழில்முறை டென்னிஸ் சங்கம்) போட்டி சென்னைக்கு, நுங்கம்பாக்கம் அரங்கத்துக்கு வந்தபோது அவர் விலகி நாலு வருடம் ஆகியிருந்தது. அர்ஜுனா விருது 1980-லேயே வந்துவிட்டது, பத்மஸ்ரீ 1998-இல். பிற்பாடு டேவிஸ் கோப்பை அணிக்குக் கேப்டனாக இருந்தார். சென்னையில் அப்பாவும் மகனும் சேர்ந்து பயிற்சி மையம் நடத்தினார்கள்.

கேள்வியில் கடைசியாக, ஒரே ஓர் ஆட்டம் பார்ப்பதென்றால் எதைப் பார்க்கலாம் என்றும் கேட்டிருக்கிறது. பெரும்பாலானவர்கள் விலாண்டரை வென்ற ஆட்டத்தைச் சொல்வார்கள். நான் 1981 மெக்கன்ரோ ஆட்டத்தின் முதல் இரண்டு செட்டைச் சொல்வேன். பதிவு கிடைத்தால், பந்தைப் பார்க்காமல் ரமேஷின் மட்டை பின்னால் எவ்வளவு தூரம் போகிறது என்பதை மட்டும் பாருங்கள். அவருடைய இரண்டாவது சர்வீஸ் வரும்போதெல்லாம் மெக்கன்ரோ பின்கோட்டைவிட்டு எத்தனை அடி உள்ளே வந்து நிற்கிறார் என்பதையும் கவனியுங்கள்.